டம்ளர் வட்டம்

இடுப்புயர அலமாரியின் வலது கதவில், மேலே ஒட்டிய வெனீர் என்கிற மெல்லிய மரத்தோல் உள்ளங்கை அகலத்துக்கு உப்பியிருந்தது. கதவைக் கழற்றித் தரையில் கிடத்தி, மர ரேகையின் போக்கிலேயே பிளேடால் கீறி, ஊசியில் பசை ஏற்றி உள்ளே செலுத்தினேன். மேலே துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் மெல்ல அழுத்தி, கனத்துக்கு இரண்டு செங்கல் வைத்தேன். ஊரார் வீட்டு அலமாரிகளெல்லாம் பட்டறையில் காத்துக்கிடக்க, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக என் மனைவியின் முதல் புருஷன் வாங்கிய அலமாரிக்கு நான் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தேன். செத்து ஏழு வருஷமான மனுஷனோடு எனக்கென்ன போட்டி என்று நூறு தடவை என்னையே கேட்டாயிற்று. வயிற்றெரிச்சல் கேள்விக்கா அடங்கும்?

"கதவ மட்டும் பாருங்க. மேல் பலகையில கை வைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் கடைக்குக் கிளம்பினாள்.

மேல் பலகையில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாதா? லேக்கர் பூச்சில் வெள்ளையாக ஒரு வட்டம். சூடான டம்ளரை அப்படியே வைத்தால் விழுகிற தடம். தூசி துடைக்கும்போதெல்லாம் அவள் துணி அதைச் சுற்றிக்கொண்டுதான் போகும். ஒருநாள் விரலால் தடவிக்கூடப் பார்த்தாள். என் கன்னத்தை அப்படித் தடவியதில்லை. அவன் டீ குடித்த இடத்தைப் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறாள் என்று, கல்யாணமான இந்த மூன்று வருஷமும் வெந்துகொண்டிருந்தேன். எனக்கோ அது இரண்டு நிமிஷ வேலை. பஞ்சைத் துணியில் பொதிந்து, ஸ்பிரிட்டில் நனைத்தும் நனைக்காமலும், பட்டும் படாமலும் நாலு இழுப்பு. பூச்சுக்குள் அடைபட்ட ஈரம் ஓடிவிடும். நாலாவது இழுப்பில் வட்டம் போயே போயிற்று. விட்டது சனி என்று இருந்தது.

திரும்பி வந்தவள் கையிலிருந்த பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"மேல என்ன பண்ணீங்க?"

"கறை இருந்துச்சு. எடுத்துட்டேன்."

"அது யாரு வச்சதுன்னு நினைச்சீங்க?"

என் முகமே சொல்லியிருக்கும்.

"மொத மொத என்னப் பாக்க வந்தீங்களே, அன்னைக்கு நீங்க வச்ச டம்ளர். அடியில துணி போடுங்கன்னு ஊருக்கெல்லாம் படிச்சுப் படிச்சு சொல்ற ஆளு, பதட்டத்துல சூட்டோட அப்படியே வச்சுட்டு பேசிட்டே இருந்தீங்க. அதப் பாத்துதான் இந்த ஆளு போதும்னு முடிவு பண்ணேன்."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

அவள் அடுக்களைக்குப் போனதும், ஜன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்படி குனிந்து பலகையைப் பார்த்தேன். ஒரு கீற்றாவது மிஞ்சியிருக்காதா? இருபது வருஷம் பழகிய பாழாய்ப்போன கை, மிச்சம் மீதி வைக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஆவி பறக்க டீ வந்தது. அவள் பழைய செய்தித்தாள் ஒன்றை நாலாக மடித்துப் பலகையில் போட்டாள். டம்ளரை அதன் நடுவில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.