முழங்காலுக்கு ஒரு செயலி

பெல்ஜியத்தின் அண்டை நாட்டில், எல்லையோர ஆகன் நகரத்தில் ஒரு மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்த வெண்டெலின் கிராஃபோர்ஸ்டுக்குத் தன் நாட்டுச் சட்டத்தின் மேல் கர்வம் உண்டு. பல நாட்டுக் காப்பீட்டுக்காரர்கள் மாஸ்ட்ரிக்ட் நகரில் கூடிய கூட்டத்திலும் அதைத்தான் பேசினார். எங்கள் நாட்டில் டாக்டர் மாத்திரை எழுதித் தருவதுபோலக் கைபேசிச் செயலியையும் எழுதித் தருகிறார், காப்பீட்டிலிருந்து ஒரு குறியீடு வரும், நோயாளி உடனே தொடங்கிவிடலாம் என்றார். பலன் முழுதாக நிரூபணமாகாத செயலியையும் ஒரு வருடத்துக்கு அனுமதிப்போம், அதற்குள் தயாரித்தவர் நிரூபித்துக் காட்டவேண்டும் என்றபோது நல்ல கைதட்டல்.

பெல்ஜியத்தின் சார்பில் வந்திருந்த லுட்கார்ட் ஹெண்டெரிக்ஸ் என்ற பெண்மணி எழுந்தார்.

"எல்லாம் சரி. ஆரம்பிச்சவங்க எத்தனை பேரு முடிச்சாங்க?"

சபை சிரித்தது. எங்கள் பக்கம் செயலிக்கென்று தனியாகப் பணம் தருவதில்லை, கூடவே கவனித்துக்கொள்ள ஒரு மருத்துவக் குழு இருந்தால்தான் தருவோம் என்றார் லுட்கார்ட். அப்படி எத்தனை செயலிகளுக்குத் தந்திருக்கிறீர்கள் என்று வெண்டெலின் திருப்பிக் கேட்டார்.

"எண்ணுறதுக்கு ஒரு கை போதும். அதுலயும் விரல் மிச்சமிருக்கும்."

இந்த முறை சிரிப்பு இன்னும் பலமாக எழுந்தது. அதில் வெண்டெலின் சிரிப்பும் இருந்தது.

இடைவேளையில் படியிறங்கும்போது வெண்டெலின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கால் வைப்பதை லுட்கார்ட் பார்த்துவிட்டார். முழங்கால் வலிக்கு உங்கள் நாட்டில் செயலி இல்லையா என்று கேட்டார். இருக்கிறது, டாக்டர் எழுதியும் கொடுத்தார், முதல் வாரத்துக்குப் பிறகு திறக்கவே இல்லை என்று வெண்டெலின் ஒப்புக்கொண்டார். லுட்கார்டின் முகத்தில் வந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது அவருக்கு வலிகூட மறந்துபோயிற்று.

இரண்டு நாடுகளின் முறைகளையும் ஒப்பிட்டு அறிக்கை எழுதும் வேலை அவர்கள் இருவர் தலையிலேயே விழுந்தது. வியாழக்கிழமைதோறும் தொலைபேசியில் பேசுவதென்று ஏற்பாடு. எடுத்தவுடனே லுட்கார்ட், செயலி சொன்ன பயிற்சியைச் செய்தீர்களா என்று கேட்பார். முதல் தடவை வெண்டெலின் கூசாமல் பொய் சொன்னார்.

"பண்ணேனே."

"எந்தக் காலைத் தூக்கச் சொல்லிச்சு?"

"ரெண்டையும்."

"ஒரே நேரத்துலயா?"

அதற்குப் பிறகு பொய் எடுபடவில்லை. சமையலறையில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, செயலி சொன்னபடியெல்லாம் காலை மடக்கி நீட்டினார். இலையுதிர் காலம் முடிவதற்குள் கைப்பிடியைத் தொடாமல் மாடியேற முடிந்தது. தனியாக இருக்கிற மனிதரை யாரோ ஒருவர் விசாரிக்கிறார் என்பதே அவருக்குப் பாதி மருந்தாக இருந்தது.

ஒரு வியாழக்கிழமை லுட்கார்ட் பேச்சின் நடுவில் மூன்று முறை கொட்டாவி விட்டார். கணவர் இறந்த பிறகு தூக்கம் சரியாக வருவதில்லையாம். தூக்கத்துக்கு நல்ல செயலி இருப்பது அவருக்கும் தெரியும், ஆனால் அவர் நாட்டில் காப்பீடு பணம் தரும் பட்டியலில் அது இல்லை.

"அப்போ எங்க நாடு பரவாயில்லைன்னு ஒத்துக்கறீங்களா?"

"பரவாயில்லைதான். ரொம்பப் பூரிச்சுப் போயிடாதீங்க."

வெண்டெலின் தூக்கத்தைப் பற்றி அலுவலகத்தில் கிடந்த ஆய்வுகளையெல்லாம் படித்தார். தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பதுதான் தூக்கச் சிகிச்சைக்கு அடிப்படை என்று தெரிந்துகொண்டார். மறுநாளிலிருந்து காலை ஆறரைக்கு அவரே கூப்பிட்டு எழுப்ப ஆரம்பித்தார். முதல் வாரம் லுட்கார்ட் திட்டினார். இரண்டாம் வாரம் காப்பி போட்டுக்கொண்டே பேசினார். தூக்கம் மெல்ல மெல்லத் திரும்பியது.

அறிக்கையின் முடிவில் இருவரும் சேர்ந்து எழுதினார்கள்: நோயாளிக்குச் சீக்கிரம் கொடுக்கவேண்டும், கொடுத்த பிறகு, செய்கிறாரா என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். இரண்டாவது பாதிக்கு ஆதாரம் எங்கே என்று வெண்டெலினின் மேலதிகாரி கேட்டார். வெண்டெலின் ஒரு வாரம் தேடி ஆய்வுகளை எடுத்து வைத்தார். தன் முழங்காலைப் பற்றி மட்டும் வாய் திறக்கவில்லை. அறிக்கை இருவர் பெயரிலும் வெளிவந்தது.

ஜூனில் இருவரும் பெல்ஜியத்திலுள்ள ஃபென் சதுப்பு நிலத்தின் மரப்பலகைப் பாதையில் நடக்கப் போனார்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்திலிருந்த சத்திரத்துக்குள் ஓடிப்போய்ப் பட்டாணி சூப் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"இனிமே இந்த 'நீங்க' எதுக்கு?" என்றார் லுட்கார்ட்.

வெண்டெலினின் முகம் காது வரை சிவந்துவிட்டது. "நீ சொன்னா சரிதான்," என்றார்.

அடுத்த அறிக்கையில் பிரான்சையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று கொஞ்ச நேரம் கழித்து அவர் கேட்டார். சேர்த்தால் இன்னும் ஒரு வருடம் இழுக்குமே என்றார் லுட்கார்ட்.

இழுக்கட்டும் என்றார் வெண்டெலின்.