தொண்ணூறாவது அடி

பூமிக்குக் கீழே முந்நூறு அடி வரைக்கும் சூசைமுத்துவுக்குத் தெரியாமல் ஒரு சொட்டுத் தண்ணீர் நகர முடியாது. ஒலக்கூர் டீக்கடையில் அவரே சொல்லியிருக்கிறார். உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடப்பார். அது எழுந்து நிற்கும் இடத்தில் போர் போடலாம். அவர் கொல்லையில் போட்ட போரில் மட்டும் புகைதான் வந்தது. அதை வீணாக்காமல் கக்கூஸ் குழாயை அதற்குள் இறக்கிவிட்டார். பத்து வருடமாக அது நிரம்பவே இல்லை. அதிலும் அவருக்குப் பெருமை.

அந்தக் கோடையில் அவர் வீட்டு வரிசையில் ஐந்து வீடுகளுக்குப் போர் போட்டார்கள். நிலத்தடி நீர் ஆய்வுக்கு வந்திருந்த அக்னஸ், பத்தடிக்கு ஒரு பிடி மண்ணை அள்ளிப் பொட்டலம் கட்டி, ஆழத்தை எழுதினாள்.

"என்ன பாப்பா, மளிகைக் கடை வைக்கப் போறியா?"

"பாறை எங்க ஒடஞ்சிருக்குன்னு பாக்குறேங்க."

"அதுக்குத் தேங்கா போதும். பாத்துட்டு சட்னியும் அரைக்கலாம்."

ஐப்பசியில் பக்கத்து வீட்டு அம்சாவுக்கு வயிற்றுப்போக்கு. அடுத்த வாரம் அடுத்த வீடு. யாரோ ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டு போவதுபோல. எதிர்வரிசையில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. தண்ணீர் கண்ணாடியாகத்தான் இருந்தது; தெளித்த வாசலில் மட்டும் ஈக்கள் நகராமல் உட்கார்ந்திருந்தன. வரிசையின் கடைசி வீடு அவர் மகள் சகாய பிரியாவுடையது. அவளுடைய எட்டு மாதக் குழந்தை முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கண் செருகிக் கிடந்தது.

அக்னஸ் ஐந்து வீட்டுப் பொட்டலங்களையும் அவர் வாசலில் பிரித்து வைத்தாள். எல்லாவற்றிலும் தொண்ணூறாவது அடியில் ஒரே துரு நிறக் கல், நொறுங்கிக் கிடந்தது.

"ஒரே வெடிப்புங்க. ஒங்க கொல்லைக்குக் கீழயும் போவுது. அஞ்சு மோட்டாரும் சேந்து இழுக்குது."

"பேஜாரு பண்ணாத பாப்பா. என்னுது காஞ்ச போரு."

"சாயம் ஊத்திப் பாக்கட்டுங்களா?"

"ஊத்து, ஊத்து."

பச்சைச் சாயத்தைக் கரைத்து அவர் கொல்லைப் போருக்குள் ஊற்றினாள். நான்காம் நாள் மத்தியானம், ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் பிடிக்க மகள் வீட்டுக் குழாயைத் திறந்தார் சூசைமுத்து. பாட்டில் மெல்ல மெல்லப் பச்சையாக நிறைந்தது. ஆளில்லாத வீட்டில், அது அவரை அடையாளம் கண்டுகொண்டு வருவதுபோல இருந்தது.

அன்றைக்கே கக்கூஸ் குழாயைப் பிடுங்கிப் போரை அடைத்தார். பிறகு ஐந்து வீட்டுக்கும் போனார்.

"காஞ்ச போருன்னு ஒண்ணு கெடையாதும்மா," என்றார் அம்சாவிடம். "அது ஊர்த் தண்ணிக்குத் தொறந்த வாசல். அதுல நாம விடுற அழுக்கு யாரோ ஒருத்தர் சொம்புக்குத்தான் போவும். நான் என் பேரன் பால்புட்டியிலயே ஊத்திக்கினு இருந்திருக்கேன்."

குழந்தை பிழைத்துக்கொண்டது. தை மாதம் மயிலத்துப் பக்கம் ஒரு நிலத்தில் போர் வண்டி உறுமிக்கொண்டிருந்தது. புழுதிக்குள் குந்தி உட்கார்ந்து, பத்தடிக்கு ஒரு பிடி மண்ணைப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார் சூசைமுத்து.