ஞாயிற்றுக்கிழமை எடை

பேச்சிராஜாவிடம் யாரும் கோழியைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது. எடுத்தால் தொலைந்தோம். வடாலாவில் ஜகந்நாதன் அண்ணாச்சியின் கோடவுனில் கோழித்தீவனத்துக்கான சத்துப் பொடி கலக்கிற வேலை அவனுக்கு. லைசின், மெத்தியோனின் என்று வாயில் நுழையாத பெயர்களையெல்லாம் சொந்தக்காரர் பெயரைப்போலச் சொல்வான். "தீவனத்துல இத்தினியூண்டு கலந்தா போதும்வே, குஞ்சு கிடுகிடுன்னு ஏறும்" என்பான். பண்ணைக்காரர்கள் வாரம் ஒருமுறை குஞ்சுகளை நிறுத்துப் பார்த்து அண்ணாச்சிக்குப் போன் செய்வார்கள். எடை ஏறியிருந்தால் அன்றைக்குக் கோடவுனில் எல்லாருக்கும் வடாபாவ்.

அவன் மனைவி விஜயராணி இளைக்கத் தொடங்கியபோது, ஊரில் ஆஸ்பத்திரி என்று ஒன்று இருப்பதே அந்த மண்டைக்குத் தோன்றவில்லை. தரையில் சிந்திய பொடியைக் கூட்டி, சலித்து, தாராவிக்குக் கொண்டுவந்து சூடான பாலில் கலக்கினான். அழுகின முட்டைக்கோஸ் நாற்றம் அடித்தது.

"கோழிக்கு ஏறுதுன்னா ஒனக்கு ஏறாதா? மூக்கப் பிடிச்சிட்டுக் குடிட்டீ."

அவள் குடித்தாள். அதற்குக் காரணம் இருந்தது. இங்கேயே சுனாபட்டியில் வாழ்க்கைப்பட்ட அவள் அக்கா இருமத் தொடங்கியதும், டி.பி. என்று தெரிந்ததும், "குணமானதும் கூப்பிடுதோம்" என்று சொல்லிப் புருஷன் வீட்டார் ஊருக்கு ரயிலேற்றிவிட்டார்கள். யாரும் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து விஜயராணிக்கு நோயைவிட அந்த ரயில்தான் பயம். இருமல் வந்தால் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள்.

பண்ணைக்காரர்கள் செய்வதுபோலவே அவனும் செய்தான். ஞாயிறுதோறும் அவளை பஸ்ஸில் கோடவுனுக்கு அழைத்துப்போய், மூட்டை நிறுக்கும் எலக்ட்ரானிக் தராசில் நிறுத்தினான். முதலில் எடை இறங்கியது. அவன் அன்று சோறே இறங்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பிறகு ஏறியது. அடுத்த வாரம் இன்னும் ஏறியது.

"பாத்தியாட்டீ! நம்ம பவுடர் வேல செய்யுது!" என்று குதித்தான். அவளுக்கு வடாபாவ் வாங்கிக் கொடுத்தான்.

மழைக்காலம் வந்தது. கூரைமேல் போட்டிருந்த தார்ப்பாய் காற்றில் படபடத்தது. கோடவுனில் பழைய தராசைக் கழித்தபோது கொண்டுவந்த இரும்பு எடைக்கற்களை அதன்மேல் பாரத்துக்கு வைத்திருந்தான். அவற்றில் சில இல்லை.

"கல்லு எங்கட்டீ?"

"எந்தப் பிள்ளையாவது எடுத்திட்டுப் போயிருக்கும்."

எடை ஏறிய சந்தோஷத்தில் இருந்தவனுக்குக் கல் ஒரு பொருட்டா? கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டுப் போய்விட்டான்.

ஒரு நாள் காலை தண்ணீர் பிடிக்கிற இடத்தில் அவள் ரத்தமாகத் துப்பினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினான். நர்ஸ் அவளுக்கு ஆஸ்பத்திரி உடுப்பை மாட்டி நிறுத்துப் பார்த்து எடையைச் சொன்னாள்.

"மெஷின் கராப் ஹை, சிஸ்டர்! போன ஞாயித்துக்கெழமதான் நான் நிறுத்தேன்!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினான்.

விஜயராணி அவன் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். "மெஷின் சரிதான். நான்தான் கல்லப் பாவாடைக்குள்ள கட்டிட்டு வந்தேன். எட ஏறுனா எம்புட்டு சந்தோசப்படுதிய... ஏறலன்னா ஊருக்கு அனுப்பிருவியளோன்னு பயந்துட்டேன்."

"நான் அனுப்புவனாட்டீ?"

அவள் சட்டையை விட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு விடவேயில்லை.

சில மாதம் முன்னால் வந்திருந்தால் மாத்திரையிலேயே குணமாகியிருக்கும் என்றார் டாக்டர். திட்டியிருந்தாலாவது தேவலை. மெதுவாகத்தான் சொன்னார். மழை விடுவதற்குள் விஜயராணி போய்விட்டாள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அரிசி டப்பாவுக்குப் பின்னால் கற்களோடு ஒரு துணிப்பை கிடைத்தது. இடுப்பில் கட்ட நாடாவெல்லாம் வைத்து, கல் ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போடாதபடி தனித்தனி அறையாகத் தைத்திருந்தாள். பேச்சிராஜா அதைக் கோடவுனுக்கு எடுத்துப்போய்த் தராசில் வைத்தான். மூன்றரைக் கிலோ.

இத்தனை கனத்தையும் கட்டிக்கொண்டு, அரித்துப்போன நெஞ்சோடு பஸ் ஏறி வந்து, ஒவ்வொரு ஞாயிறும் இதே தராசில் நின்றிருக்கிறாள். அப்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தான். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. எல்லா ஞாயிறும் அவன் பார்த்துக்கொண்டிருந்தது தராசின் எண்ணைத்தான்.