இரட்டையருக்கு ஒரு இடம்

குலுக்கல் பெட்டிக்குள் கையை விட்டுப் பள்ளி அலுவலகப் பெண்மணி கடைசிச் சீட்டை எடுத்துப் படித்தபோது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி புருஷனின் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இரட்டைப் பெண்களில் பெரியவளின் பெயர். மூன்றாம் வகுப்பில் இருந்த காலியிடங்கள் அதோடு தீர்ந்துபோயின. இன்னொரு சீட்டு வரும், அதில் சின்னவளின் பெயர் இருக்கும் என்று அவள் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பெட்டியை மூடித் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

"ரெட்டப் புள்ளைங்க மேடம். ஒண்ண மட்டும் எப்படி?" என்று மெக்கானிக் வாசல்வரை பின்னாலேயே போய்க் கேட்டான்.

"அடுத்த வருஷம் கூடப்பொறந்தவங்களுக்கு முன்னுரிமை உண்டு சார். இப்ப என் கையில ஒண்ணுமில்ல." அந்தப் பெண்மணிக்கும் சங்கடம்தான். போகிறபோது இரண்டு முறை திரும்பிப் பார்த்தாள்.

பிழைக்க வந்த ஊரில், சொந்த நாட்டுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் பள்ளி அது ஒன்றுதான். கையைக் கடித்தாலும் எப்படியோ கட்டிவிடக்கூடிய கட்டணம். அதை விட்டால் நீச்சல் குளத்தோடு இருக்கும் சர்வதேசப் பள்ளி. அதைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த மெக்கானிக், "இஞ்சினியருங்க புள்ளைக்குக் கம்பெனி கட்டுது. நம்ம சம்பளத்துக்கு அந்தக் குளத்துல ஒரு வாளி தண்ணி மொண்டுக்கக்கூட முடியாது" என்று சட்டையைக் கழற்றி மாட்டினான். சின்னவளை ஊரில் அவன் அண்ணன் வீட்டில் விட்டுப் படிக்கவைக்கலாம் என்று பேச்செடுத்தான். அவன் முடிப்பதற்குள் மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

மிச்சமிருந்தது இரண்டு தெரு தள்ளி இருந்த அரசுப் பள்ளி. காசு கிடையாது. ஆனால் பாடம், பாட்டு, அதட்டல் எல்லாமே அந்த ஊர் மொழியில். எதிர்வீட்டுக் கணக்கரின் மனைவி கேள்விப்பட்டு ஓடிவந்தாள். "அங்கயா போடப்போறீங்க? புள்ள ஒண்ணும் புரியாம பொம்ம மாதிரி உக்காந்திருக்குங்க. ஒரு வருஷம் வீணாப் போயிடும்."

"ரெண்டும் அச்சு ஒண்ணுதானே? ஒருநாள் விட்டு ஒருநாள் மாத்தி அனுப்பினா எவன் கண்டுபிடிப்பான்?" என்று மெக்கானிக் நிலைமையை லேசாக்கப் பார்த்தான். மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. பெண்கள் இரண்டும் அதை நிஜமென்று நம்பி, திங்கட்கிழமை யாருக்கு என்று சண்டையைத் தொடங்கிவிட்டன.

முதல் நாள் பெரியவள் பள்ளி வண்டியில் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் பையை வைத்துக்கொண்டாள். "தங்கச்சி வருவா" என்று யாரையும் உட்காரவிடவில்லை என்று பிறகு வண்டியில் வரும் ஆயா சொன்னாள். சின்னவளை அம்மாதான் நடத்திக் கூட்டிப்போனாள். வாசலில் நின்ற ஆசிரியை உயரமானவள், முடியைக் கட்டையாக வெட்டியிருந்தாள். குனிந்து ஏதோ கேட்டாள். அம்மாவும் மகளும் ஒன்றுபோலத் தலையாட்டினார்கள். ஊரில் மருந்துக்கடையில் நின்றவள் அம்மா. எப்பேர்ப்பட்ட டாக்டரின் கிறுக்கலையும் எழுத்துக்கூட்டிவிடுவாள். இங்கே சுவரில் ஆளுயரத்துக்கு எழுதியிருந்ததில் ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. ஆசிரியையின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போன பிள்ளை திரும்பிப் பார்க்கவே இல்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

அதற்குப் பிறகு வீட்டில் சின்னவளின் வாய் அடங்கிப்போயிற்று. பெரியவள் வண்டியை விட்டு இறங்கும்போதே ஆரம்பித்துவிடுவாள். யார் யாரைக் கிள்ளினார்கள், எந்த மிஸ் யாரை வெளியே நிற்கவைத்தாள், எல்லாம் வந்துவிடும். சின்னவளைக் கேட்டால் "ம்". இன்னும் கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு". வாயில் கொழுக்கட்டையா என்று மெக்கானிக் செல்லமாகக் கன்னத்தைக் கிள்ளிப் பார்த்தான். பிள்ளை ஊமையாகிக்கொண்டு வருகிறாளோ என்று அம்மா பயந்தாள். உண்டாகியிருந்தபோது இரண்டுக்கும் சேர்த்துச் சாப்பிட்டவள், இப்போது ஒன்றுக்குக் கொடுத்து ஒன்றுக்கு இல்லையென்று சொல்லிவிட்டோமே என்று மாய்ந்துபோனாள்.

மழைக்காலத்தில் ஒருநாள் குளியலறைக் குழாய் ஒழுகி, கீழ்வீட்டுக் கூரையில் தண்ணீர் இறங்கிவிட்டது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து கதவைத் தட்டித் தாம்தூம் என்று குதித்தார். மெக்கானிக் வேலைக்குப் போயிருந்தான். அம்மா கையைப் பிசைந்துகொண்டு, தெரிந்த ஒரே சொல்லான மன்னிப்பைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்போதுதான் அவள் இடுப்போரமாகச் சின்னவள் வெளியே வந்து நின்று பேச ஆரம்பித்தாள்.

தயங்காமல் பேசினாள். அது வீட்டில் கேட்கிற குரலே இல்லை. கொஞ்சம் கட்டையாக, இழுத்து இழுத்து. தோளைக் குலுக்கினாள், உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அவர்கள் குடும்பத்தில் யாரும் அப்படிச் செய்கிறவர்கள் இல்லை. கீழ்வீட்டுக்காரர் நிறுத்தினார், கேட்டார், திடீரென்று வயிறு குலுங்கச் சிரித்தார். பிள்ளையின் தலையைத் தட்டிவிட்டு இறங்கிப்போனார்.

"என்னடீ சொன்ன அவர்கிட்ட?"

"அப்பா வந்து சரிபண்ணிடுவாருன்னு சொன்னேன்."

"அதுக்கா அப்படிச் சிரிச்சாரு?"

"இல்ல, இன்னொண்ணும் சொன்னேன். அது தமிழ்ல சொன்னா சிரிப்பு வராதும்மா."

அம்மா அவளை அள்ளிக் கட்டிக்கொண்டாள். பிள்ளை ஊமை இல்லை என்று மனசு துள்ளியது. கூடவே சுருக்கென்று ஏதோ தைத்தது. தனக்குத் தெரியாத இடத்தில், தான் ஒருநாளும் கேட்காத குரலில், தன் வயிற்றில் பிறந்தது ஆட்களைச் சிரிக்கவைத்துக்கொண்டு இருந்திருக்கிறது.

வருஷக் கடைசியில் பெரியவளின் பள்ளியிலிருந்து போன் வந்தது. கூடப்பிறந்தவள் என்ற முறையில் சின்னவளுக்கு இடம் உண்டு, வாரக் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டும். மெக்கானிக்குக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சீருடைக்குத் துணிகூடப் பார்த்துவிட்டான். சோற்றில் கையை வைத்தபடி சின்னவள் சொன்னாள்: "நான் போகல."

"போகலையா? என்னடீ பேசுற?"

"எனக்கு இந்த ஸ்கூல்தான் வேணும்."

பெரியவளின் முகம் சுருங்கிப்போயிற்று. "வருஷம் பூரா உனக்குத்தான்டீ வண்டியில இடம் போட்டு வெச்சிருந்தேன். என்கூடப் படிக்க உனக்குப் புடிக்கலையா?" என்று கேட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்ப் படுத்துக்கொண்டாள். அன்றைக்குத்தான் முதல்முறையாக இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் தூங்கினார்கள்.

"நாளைக்கே கம்பெனி போதும்னு சொல்லிட்டா மூட்டையைக் கட்டணும். இந்த மொழிய வெச்சுக்கிட்டு நம்ம ஊர்ல இவ என்ன பண்ணுவா? தமிழ எழுத்துக்கூட்டிப் படிக்கிறா, பாத்தியா?" மெக்கானிக் கோபமாகச் சொல்லவில்லை. "சின்னப் புள்ள சொல்றத வெச்சு முடிவு பண்ண முடியுமா?"

அவன் சொன்னதில் தப்பு இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. அதனால்தான் மறுநாள், பிள்ளையை விடுவித்துக்கொள்ள அரசுப் பள்ளிக்குக் கிளம்பினாள். சின்னவள் கூடவே வந்தாள். அவள் இல்லாமல் அங்கே ஒரு வார்த்தை பேச முடியாதே. தன்னை நிறுத்தப்போகிற பேச்சைத் தானே மொழிபெயர்க்க வேண்டும் என்பது பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. வழியெல்லாம் சுவரைத் தடவிக்கொண்டே நடந்தாள்.

வகுப்பில் யாரும் இல்லை. ஆசிரியை பிள்ளைகளின் குட்டி நாற்காலி இரண்டை இழுத்துப் போட்டு, ஒன்றில் முழங்கால் முட்ட உட்கார்ந்துகொண்டு, அம்மாவுக்கு இன்னொன்றைத் தட்டிக் காட்டினாள். சின்னவள் நடுவில் நின்றாள்.

"வேற ஸ்கூல்ல இடம் கெடச்சிருக்குன்னு சொல்லு."

சொன்னாள். ஆசிரியையின் முகம் மாறிற்று. சமாளித்துக்கொண்டு நெடுநேரம் பேசினாள். இடையில் ஒருமுறை சின்னவளின் பெயரைச் சொன்னாள். அவள் வாயில் அந்தப் பெயர் வேறு யாருடையதோ போல, ஆனாலும் அழகாக இருந்தது.

"என்ன சொல்றாங்க?"

"சரின்னு சொல்றாங்க."

"அவ்வளவு நேரமாவா சரின்னு சொன்னாங்க?"

சின்னவள் தரையைப் பார்த்தாள். "நான் நல்லாப் படிக்கிறேனாம். மத்த புள்ளைங்களுக்கெல்லாம் கத சொல்றேனாம். அத நானே எப்படிம்மா சொல்றது?"

நன்றி சொல்லிவிட்டுப் படிவத்தைக் கேட்கச் சொல்ல வேண்டும் என்றுதான் வழியெல்லாம் யோசித்து வந்திருந்தாள் அம்மா. இப்போது அது வாய்வரை வந்து நின்றுவிட்டது. இந்தக் கட்டைமுடிக்காரியின் முன்னால், புருஷனிடமும் கணக்கர் மனைவியிடமும் சொல்லாததைச் சொல்லிவிட வேண்டும்போல இருந்தது.

"நான் சொல்றத அப்படியே சொல்லு, கண்ணு. கூட்டாத, கொறைக்காத." குரலைச் சரிசெய்துகொண்டாள். "எனக்கு என்ன செய்யறதுன்னு தெரியல. ரெண்டும் என் புள்ளைங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

சின்னவள் அம்மாவையே பார்த்தாள். ஒரு கை அம்மாவின் தோளில் ஏறியது, மற்றது ஆசிரியையின் மேசை விளிம்பைப் பிடித்தது. சொல் தேடுகிறவளாகக் கண்ணை ஒருமுறை மூடித் திறந்தாள். பிறகு அந்தக் கட்டைக் குரலில், நிறுத்தி நிறுத்திப் பேசத் தொடங்கினாள். ஆசிரியை நாற்காலியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள். ஒன்றும் புரியாமல், மகளின் வாய் அசைவதையே பார்த்துக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள்.