கண் தெரிகிற படம்

இனியவன் சவூதிக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பாலைவனத்தில் பறவைகளையும் மிருகங்களையும் படம் எடுக்கிற ஒரு பணக்காரரிடம் அவன் ஜீப் ஓட்டினான். அவர் தன் பழைய கேமராவைக் கொடுத்துப் பழக்கிவிட்டதில் இப்போது அவனும் எடுத்தான். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த மனைவி மதிவதனியின் போனுக்கு நாள் தவறாமல் படங்கள் வந்தன. பாறைமேல் வல்லூறு, மணலில் சுருண்டு கிடக்கும் நரி, வால் முழுக்க முள் வைத்த ஓணான். எதிலும் அவன் இல்லை. அவள் மணலைப் பெரிதாக்கிப் பார்ப்பாள். காலடி ஏதாவது தெரிந்தால் அது அவனுடையது என்று வைத்துக்கொள்வாள்.

தை அறுப்புக்கு வாங்க என்று கார்த்திகையிலேயே கேட்டாள். குளிரில்தான் வல்லூறு வரும், முதலாளி விடமாட்டார் என்று இழுத்தான். பிறகு விளையாட்டாய் ஒன்று சொன்னான்.

"நம்ம வயல்லயும் பருந்து சுத்துதுல்ல? கண்ணு தெரியுற மாதிரி ஒரு படம் எடுத்து அனுப்பு. அதைக் காட்டி லீவு கேக்குறேன்."

அவள் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

பூனைப்பருந்து ஒன்று தினமும் காலையில் கதிரை உரசுவதுபோல் தாழப் பறந்து போகும். எலி பிடிக்கிற ஆந்தை உட்காரட்டும் என்று வயலில் குறுக்குக்கட்டை வைத்த குச்சிகள் நடுவது வழக்கம். மதிவதனி வரப்போரமாக இன்னும் ஆறு குச்சி நட்டுவிட்டுப் போனோடு காத்திருந்தாள். கரிச்சான் வந்து உட்கார்ந்தது. மீன்கொத்தி உட்கார்ந்தது. பருந்து திரும்பியும் பார்க்கவில்லை. பதினைந்து நாளில் போனில் சேர்ந்ததெல்லாம் வானமும் ஒரு கரும்புள்ளியும்தான்.

"ஏண்டி, ஊரே பறவைய வெரட்டுது. நீ வெத்தல பாக்கு வச்சு அழைக்கிற" என்றாள் அடுத்த வயல்காரி அம்சம்.

மதிவதனி இனியவன் அனுப்பிய வல்லூறைக் காட்டினாள். அம்சம் சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அது கருடன் இல்லக்கா."

"இருந்துட்டுப் போவட்டும். கும்பிட்டதைத் திருப்பியா வாங்க முடியும்? நீ தேடுறது குச்சியில ஒக்காராதுடி. தரையில எறங்குற ஜென்மம். மிஷின் வரட்டும், பாரு."

தை பத்தாம் தேதி அறுப்பு மிஷின் வந்தது. அதை ஓட்டுகிற துரைராசு ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி அறுத்துக்கொண்டே உள்ளே வந்தார். எலிகள் கதிருக்குள்ளேயே ஒதுங்கி ஒதுங்கிப் போக, கடைசியில் நடுவே இரண்டு பாய் அகலத்துக்குத்தான் கதிர் நின்றது. அறுத்த தாள் காலைக் குத்த, மதிவதனி அதன் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"ஏம்மா, என்னைய கோர்ட்டுக்கு அனுப்பப் பாக்குறியா? தள்ளிப் போ."

"நீங்க ஓட்டுங்கண்ணே. நான் அசைய மாட்டேன்."

"அதாம்மா பயமா இருக்கு."

அவள் நாலு எட்டு பின்னால் போனாள். மிஷின் கடைசிக் கதிரில் வாய் வைத்ததும் எலிகள் சிதறின. பருந்து கல் விழுந்த மாதிரி விழுந்தது. ஒன்றை மிதித்துக்கொண்டு தலையைத் தூக்கி அவளைப் பார்த்தது. மஞ்சள் கண். அவள் விரலை அழுத்தினாள்.

படம் போன சற்று நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"நெசமா நீயா எடுத்த? கண்ணுல வெளிச்சம் விழுந்திருக்கு மதி. முதலாளி ரெண்டு தடவ வாங்கிப் பாத்தாரு."

"லீவு கேட்டீங்களா?"

அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"அறுப்புதான் முடிஞ்சிருச்சே" என்றான்.

அறுத்து முடித்ததால்தான் படமே கிடைத்தது என்பது அவள் வாய்வரை வந்தது. அவன் மூச்சு விடுவது கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள்.

"றெக்கைய விரிச்ச மாதிரி இன்னொண்ணு எடு மதி. அதையும் காட்டிக் கண்டிப்பா கேக்குறேன்."

"சரிங்க."

போனை முந்தானையில் துடைத்துவிட்டு, மிஷினை விட்டு இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த துரைராசுவிடம் போனாள்.

"நாளைக்கு யாரு வயலுண்ணே?"