கத்பர்ட்டின் இரண்டு லீக்ஸ்

எங்கள் சுரங்க ஊரில் ஒருவன் பெண்டாட்டியை விட்டு ஓடிப்போனால் ஆறு மாதத்தில் மறந்துவிடுவார்கள். வெங்காயத்தாள் மாதிரி தடித்த தண்டு விடும் லீக்ஸ் செடியை யார் பெரிதாக வளர்ப்பது என்ற போட்டியில் கள்ளத்தனம் செய்தால் அவன் சவக்குழிக்குள் போகும்வரை பேசுவார்கள். கத்பர்ட் ரெயின் அதைச் செய்தவன். பக்கத்து ஊர்க்காரனிடம் விலைக்கு வாங்கிய செடிகளைத் தன் பாத்தியில் நட்டு, தான் வளர்த்ததாகக் காட்டி மாட்டிக்கொண்டான். ஒன்பது வருடம் தள்ளிவைத்தோம். சங்கச் செயலாளர் நான்தான். தீர்மானம் எழுதியதும் நான்தான்.

கெடு முடிந்ததும் மறுபடி பாத்தி போட்டான். இன்னொரு முறை பிடிபட்டால் ஆயுளுக்கும் வெளியே.

"சிறுத்தை தன் புள்ளிய மாத்திக்குமாப்பா?" என்றார் தலைவர் ஹிண்ட்மார்ஷ், பப்பின் பின்னறையில். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போட்டிக்கு இரண்டு செடியை ஜோடியாகத்தான் வைக்க வேண்டும். ஆகஸ்டு கடைசியில் அவனுடைய ஜோடி லீக்ஸ் என் முழங்கை கனத்துக்கு வந்துவிட்டன. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னான்: "கோப்பையெல்லாம் வேணாம் ஆர்தர். பட்டியல்ல எம்பேரு இருந்தாப் போதும். எம்மவ கல்யாணத்துக்கு வந்தவன்கூட அந்தத் திருட்டு லீக்ஸப் பத்தித்தான் கேட்டுட்டுப் போனான்."

போட்டிக்கு ஒரு வாரம் முன்பு கமிட்டி தோட்டம் தோட்டமாகப் போய், பாத்தியில் நிற்கும் செடியின் மேலேயே முத்திரை குத்தும். அதற்குப் பிறகு செடியை மாற்றிவைக்க முடியாது. செய்வதென்றால் அதற்கு முன்னால்தான். முத்திரைக்கு முந்தின நாள் இதை நினைத்து நினைத்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"அடுப்புல வேகுற புட்டிங் கேக்கத் தெறந்து தெறந்து பாத்தே அமுங்க வெச்ச ஆளு நீங்க," என்றாள் என் மனைவி எட்னா. "அங்க போயும் நோண்டாதீங்க."

போனேன். கத்பர்ட் சுரங்கத்துக்குள் பகல் ஷிப்டில் இருந்தான். புதிதாக நட்ட செடி என்றால் வேர் மண்ணைப் பிடித்திருக்காது, சும்மா அசைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஜோடியில் ஒன்றை அசைத்தேன். அசையவில்லை. அத்தோடு விட்டிருக்கலாம், பாழாய்ப்போன புத்தி விடவில்லை. விரலை விட்டு மண்ணைத் தோண்டி, இரண்டு கையாலும் இழுத்தேன். கொத்தாக வேர் அறுகிற சத்தம் கேட்டது. அத்தனை வேரும் அவன் பாத்தியில் ஓடிய வேர். மண்ணைத் தள்ளி அமுக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். நன்றாக வெயில் அடித்தது அன்றைக்கு.

மறுநாள் காலை முத்திரை குத்தக் கமிட்டியோடு போனபோது அந்தச் செடி மட்டும் இலை துவண்டு நின்றது. ஹிண்ட்மார்ஷ் குனிந்து லேசாகத் தொட்டார், கையோடு வந்துவிட்டது.

"நேத்து நட்டது," என்றார்.

கத்பர்ட்டின் முகம் சுண்ணாம்பாய் வெளுத்தது. பக்கத்துச் செடியை அவனே தோண்டி எடுத்துக் காட்டினான். இரண்டு அடி வேர் தொங்கியது. "ஒன்னு நான் வளத்தது, ஒன்னு வாங்குனதா? யாராவது ஒன்ன மட்டும் வாங்குவானா?"

"ஒன்னு சரியா வரல, ஜோடி சேக்க வாங்கியிருப்ப. எங்களுக்கா தெரியாது உன்னப் பத்தி?" என்றார் ஹிண்ட்மார்ஷ்.

அவனை ஆயுளுக்கும் விலக்க அங்கேயே பாத்தியோரத்தில் கை தூக்கினார்கள். நானும் தூக்கினேன்.

கத்பர்ட் என்னைப் பார்த்தான். "எழுதறதுக்கு முன்னாடி சொல்லு ஆர்தர். நீ நம்புறியா இத?"

அடுத்தவன் பாத்தியில் கை வைத்தவனுக்கும் எங்கள் சங்கத்தில் அதே ஆயுள் தண்டனைதான். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"கண்ணால பாத்ததத்தான், கத்பர்ட், நான் எழுத முடியும்," என்றேன்.

அவன் கையிலிருந்த நல்ல லீக்ஸைத் தட்டி மண்ணை உதிர்த்து என்னிடம் நீட்டினான்.

"எட்னாகிட்ட குடு. சூப்பு வைக்கட்டும். இதாவது நான் வளத்ததுன்னு ஒத்துக்கிட்டீங்கல்ல."

வேண்டாமென்றால் ஏன் என்று மற்றவர்கள் கேட்பார்கள். கைநீட்டிப் பெற்றுக்கொண்டேன்.