நாங்கள் என்றால் ஒரு சாண்

அவள் உட்காரும் எந்த மேசையிலும் யாராவது ‘நாங்கள்’ என்றால் அது ஒரு சாண் நீளும். ‘நாம்’ என்றால் ஒரு சாண் சுருங்கும். வெளியுறவுத் துறையில் சட்ட அதிகாரியாகச் சேர்ந்த முதல் வாரமே இது தெரிந்துவிட்டது. வரவழைத்த தச்சர் தட்டிப் பார்த்தார். மரத்தில் கோளாறு இல்லை, வாயில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

எல்லைத் தகராறோ ஆற்று நீரோ, எதற்குப் போய் உட்கார்ந்தாலும் சாயங்காலத்துக்குள் எதிர்த்தரப்பு எறும்பளவில் தெரியும். தூரத்தில் இருப்பவரைத் திட்டுவது சுலபம். அவளே ‘நாம்’ என்று சொன்னால் மட்டும் மேசை காதில் போட்டுக்கொள்ளாது. அதனால் காத்திருக்கப் பழகினாள். அலுத்துப்போய் எதிரே யாராவது, ‘நாம டீ குடிச்சிட்டு வரலாமே’ என்பார். கிடைத்த ஒரு சாணைப் பிடித்துக்கொண்டு பேச்சை வளர்ப்பாள். முழங்காலோடு முழங்கால் இடிக்கத் தொடங்கியதும், அவ்வளவு கிட்டத்தில் முறைக்க வெட்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்.

தூதரானாள், சர்வதேச நீதிமன்றத்தில் நீதிபதியானாள். வீட்டுச் சாப்பாட்டு மேசையிடம்தான் அவள் சாமர்த்தியம் பலிக்கவில்லை. விமானத்திலிருந்து வந்து உட்காருவாள். ‘நாங்க சாப்பிட்டாச்சும்மா’ என்பாள் மகள். இன்னொரு முறை, ‘நாங்க ஒரு நாய் வளர்த்தோம், அது செத்தும் போச்சு.’ கணவர் வாய் திறக்காத மனிதர். சுவரை இடித்து மேசைக்கு வழிவிட்டார். அவள் நாற்காலி கொல்லைக்குப் போயிற்று, கூடவே ஒரு குடையும். ஊர்ச் சண்டையெல்லாம் தீர்த்தவளுக்குத் தன் வீட்டு உப்பு ஜாடி எட்டவில்லை. அதை நினைத்து விமானத்தில் அழுதிருக்கிறாள்.

பதவிக்காலம் முடிந்து ஊர் திரும்பிய அன்று, இன்னொரு தவணை இருக்கச் சொல்லி போன் வந்தது. மழை பெய்துகொண்டிருந்தது. மகள் இப்போது வேலைக்குப் போகிற பெண். உள்ளே கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

‘மன்னிக்கணும், இனிமே என்னால வர முடியாது’ என்று குடைக்குள்ளிருந்து சொல்லிப் போனை வைத்தாள். அவளுக்கு வாதாடத் தெரியும். ஆனாலும், ‘எனக்கும் கொஞ்சம் மிச்சம் இருக்கா?’ என்று மட்டும் கேட்டாள்.

மகள் பாத்திரத்தைத் திறந்து பார்த்தாள். பிறகு இடிந்த சுவரைப் பார்த்தாள்.

‘இருக்கும்மா. சாரல் உள்ள அடிக்குது பாரு. நாம இந்தச் சுவரை எப்பத்தான் கட்டப்போறோம்?’

ஒரு சாண் என்ற கணக்கையெல்லாம் மேசை அன்றைக்குப் பார்க்கவில்லை. அவளை நாற்காலியோடும் குடையோடும் உள்ளே இழுத்து வந்து மூவர் முழங்காலிலும் இடித்தது. கணவர் வலித்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே உப்பை அவள் பக்கம் நகர்த்தினார்.

மறுநாள் கொத்தனார் வந்து சுவரை அடைத்தார். மேசை ஏன் ஈரமாக இருக்கிறது என்று மட்டும் கேட்டார். நேற்று மழை என்றார்கள்.